மொத்தம் எத்தனை டிக்கெட்? இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் சினிமா இசை நிகழ்ச்சிகளை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

டிக்கெட் விலையைப் பற்றிய புலம்பல்களை நீங்கள் நிறையவே பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அறிவித்த ஐந்தாவது நிமிடம் அது தொடங்கிவிடுகிறது. நானும் புலம்பத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. ஒரு நிகழ்ச்சிக்கு மொத்தம் எத்தனை டிக்கெட் விற்கிறீர்கள்? எந்த வகுப்பில் எத்தனை? ஓசி பாஸ் எத்தனை? விற்பனை தொடங்கும் முன்பே இந்த எண்களை ஏன் சொல்வதில்லை?

தியேட்டரில் நூற்றைம்பது ரூபாய் டிக்கெட் வாங்கினால் எந்த வரிசை, எந்த நாற்காலி, பக்கத்து நாற்காலி காலியா என்பது வரை திரையில் தெரிகிறது. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் எண்ணே தெரிகிறது. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்கப் போனால் ஸ்டாண்டின் எழுத்து, வரிசை, இருக்கை எண் மூன்றும் டிக்கெட்டில் இருக்கும். ஆளுக்கு ஐயாயிரம் கொடுத்துப் போகும் இசை நிகழ்ச்சிக்கு மட்டும் 'கோல்டு' என்று ஒரு சொல்லும் ஒரு கியூஆர் கோடும். அந்த கோல்டுக்குள் மூவாயிரம் பேரா, பதினைந்தாயிரம் பேரா என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். சில சமயம் உங்களுக்காவது தெரியுமா என்று சந்தேகம் வருகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், வெறுமனே திட்டுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரி முடித்த புதிதில் வடசென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசித்தேன். ஆடி மாதம் பிறந்தால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று அம்மன் கோயில் விழாக்கள் வரிசையாக வரும். தெருவை மறித்து மேடை, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் அடுக்கு, முன்னால் பாய் விரித்துக் குழந்தைகள், மாடிகளில் பெண்கள். யாரும் டிக்கெட் வாங்கவில்லை. ஏரியாவில் வசூல் செய்த பணத்தில் எங்களுக்குச் சம்பளம், சவுண்ட் சர்வீஸ்காரருக்கு வாடகை, மிச்சத்தில் கூழ். இசைக்குழுவுக்கு யாரோ ஒருவர் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது எனக்கு அந்த நாளிலேயே தெரியும். எனவே இசை இலவசமாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் செலவையும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. முன்னணி இசையமைப்பாளர் என்றால் அவருடைய சம்பளம் முதல் வரி. அப்புறம் பாடகர்கள், வாத்தியக்காரர்கள், கோரஸ், அவர்களின் ஒத்திகை நாட்கள், விமானம், ஓட்டல். திறந்த மைதானம் என்றால் தரையிலிருந்து எல்லாவற்றையும் கட்ட வேண்டும்: மேடை, கூரை, எல்இடி திரைகள், பின்வரிசை வரை கேட்கும் ஒலி அமைப்பு, ஜெனரேட்டர், தடுப்புகள், கழிப்பறைகள், தனியார் காவலர்கள். பாடல்களுக்கான உரிமத் தொகை, போலீஸ் பந்தோபஸ்துக்கான கட்டணம், காப்பீடு. மழை வந்தால் மொத்தமும் போச்சு. சென்னையில் மழை எந்த மாதத்தில் வரும், எந்த மாதத்தில் வராது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. பாட்டு விற்ற காலம் போய், கேசட்டும் சிடியும் போய், மாதச் சந்தாவில் உலகத்தின் எல்லாப் பாட்டும் கிடைக்கிற காலம் இது. இசைக்காரர்களுக்கு மேடை வருமானம் முன்பைவிட முக்கியமாகிவிட்டது என்பதும் நியாயமே.

சரி, இதையெல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகும் சில விஷயங்கள் தொண்டையில் நிற்கின்றன.

முதலாவது வகுப்புப் பெயர்கள். சில்வர், கோல்டு, டயமண்ட், பிளாட்டினம் என்று நகைக்கடை விளம்பரம் மாதிரி அடுக்குகிறீர்கள். அதற்கு மேலே மேடையை ஒட்டி நின்று பார்க்கும் ஃபேன் பிட், அதற்கும் மேலே லவுஞ்ச். இதில் சில்வர் என்பது கடைசி வகுப்பு என்பது உள்ளே போன பிறகுதான் புரிகிறது. வெள்ளிக்காரர்கள் மேடையைப் பார்ப்பதில்லை, மேடைக்கு இருபுறமும் இருக்கும் திரையைப் பார்க்கிறார்கள். பாடகர் கையைத் தூக்குவது ஒரு கணம், திரையில் அது தெரிவது இன்னொரு கணம், சத்தம் வந்து சேர்வது மூன்றாவது கணம். மேடையிலிருந்து எத்தனை அடியில் இந்தப் பகுதி தொடங்குகிறது என்று ஒரு வரைபடத்தில் போட்டால் போதும், வேண்டுமானால் வாங்குவோம், வேண்டாமென்றால் வீட்டில் இருப்போம். நீங்கள் வெளியிடும் படத்தில் வண்ணக் கட்டங்கள் இருக்கின்றன, அளவு இல்லை. அந்தப் படத்தில் மேடையும் கடைசி வரிசையும் ஒரே தெருவில் இருப்பது மாதிரிதான் தெரிகிறது.

பெரும்பாலான மைதான நிகழ்ச்சிகளில் வகுப்புக்குள் இருக்கை எண்ணும் கிடையாது. முதலில் வந்தவருக்கு முதல் வரிசை. ஏழு மணி நிகழ்ச்சிக்கு மூன்று மணி வெயிலில் போய் நிற்க முடிந்த இளைஞருக்கு அது சரி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருபவரும், அலுவலகத்தில் அரை நாள் லீவு கிடைக்காதவரும் அதே பணத்தைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் நிற்கிறார்கள்.

இரண்டாவது, விலை என்று நீங்கள் போடுவது விலை இல்லை. சும்மா ஒரு கணக்குக்கு, டிக்கெட் 2,000 ரூபாய் என்று வையுங்கள். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 360 ரூபாய். அப்புறம் இணையத்தில் பதிவு செய்வதற்கு ஒரு வசதிக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு மேல் இன்னொரு ஜிஎஸ்டி. நான்கு பேர் குடும்பம் என்றால் கிட்டத்தட்ட பத்தாயிரத்தில் போய் நிற்கும். இது விளம்பரத்தில் '1,999 முதல்' என்று வந்த நிகழ்ச்சி. எனக்குக் கோபம் அந்தத் தொகையின் மீது மட்டும் இல்லை, அது கடைசித் திரையில், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் முதல்முறையாகத் தெரிகிறது என்பதில். விலையைத் துளித்துளியாகச் சொல்வதையும், கேட்காத பொருளைக் கூடையில் போடுவதையும், 'இன்னும் சில டிக்கெட்டுகள்தான்' என்று பொய் அவசரம் காட்டுவதையும் ஏமாற்று வடிவமைப்பு என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் வெளியிட்ட வழிகாட்டு விதிகள் பட்டியலிட்டிருக்கின்றன. மொத்தம் 13 வகை. உங்கள் டிக்கெட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வரி பற்றி இன்னொரு சேதி, நீங்கள் அறியாததில்லை. இசை நிகழ்ச்சி டிக்கெட் ஆளுக்கு 500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது. 501 ரூபாய் ஆனதும் முழுத் தொகைக்கும் 18 சதவீதம். அதாவது 500 ரூபாய் டிக்கெட் வாங்கினால் ரசிகர் கொடுப்பது 500, 501 ரூபாய் டிக்கெட் வாங்கினால் 591. இந்த வரி விலக்கைப் பயன்படுத்தி மைதானத்தின் பின்பகுதியில் 500 ரூபாய் வகுப்பு ஒன்றைத் திறக்கலாம். எப்படியும் அங்கே திரையைத்தான் பார்க்கப்போகிறோம். வசூலின் பெரும்பகுதி முன்வரிசை வகுப்புகளிலிருந்துதான் வருகிறது என்று உங்கள் துறையில் இருப்பவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் கடைசிப் பகுதியில் உட்காரும் கல்லூரிப் பிள்ளையிடம் இரண்டாயிரம் வாங்கித்தான் மேடை கட்ட வேண்டுமா?

'விற்றுத் தீர்கிறதே, அப்புறம் என்ன விலை அதிகம்?' என்பது நீங்கள் எப்போதும் சொல்லும் பதில். மேலோட்டமாகப் பார்த்தால் மறுக்க முடியாத பதில். ஆனால் விற்றுத் தீர்ந்தது என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர எங்களிடம் வேறு சாட்சி இல்லை. முதல் கட்ட விற்பனை முடிந்தது என்று போஸ்டர் வரும். எத்தனை டிக்கெட் அந்தக் கட்டத்தில் இருந்தது? ஐந்நூறா, ஐயாயிரமா? அடுத்த கட்டத்தில் விலை ஏறும். பதறிப்போய் வாங்குவோம். நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது அதே வகுப்புக்கு 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று குறுஞ்செய்தி வரும். முதல் நாளே வாங்கிய உண்மையான ரசிகர் முழு விலை கொடுத்திருப்பார், ஆர்வமே இல்லாமல் கடைசி நாளில் எட்டிப்பார்த்தவர் பாதி விலையில் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். தேவை அதிகம், எனவே விலை அதிகம் என்று சந்தைக் கணக்கு சொல்வதானால் சந்தையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோயம்பேட்டில் தக்காளி வியாபாரி கூட எத்தனை லாரி வந்தது என்பதை மறைப்பதில்லை.

மறைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2023 செப்டம்பர் 10, பனையூர், ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி. ஆகஸ்ட் 12-ஆம் தேதி நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. தள்ளிப்போன நாளில் கையில் டிக்கெட்டோடு வந்த ஏராளமான பேர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். உயர்ந்த வகுப்பு டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கும் இடமில்லை. கூட்ட நெரிசலில் குழந்தைகள் பெற்றோரைத் தவறவிட்டார்கள், பெண்கள் தங்களுக்கு நேர்ந்த சீண்டல்களை வெளிப்படையாகச் சொன்னார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் முதலமைச்சரின் வாகன வரிசையே மாட்டிக்கொண்டது. டிக்கெட் நகலை அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறோம் என்று ரஹ்மானே அறிவிக்க வேண்டி வந்தது. இந்த முறை நானே பலியாடு ஆகிக்கொள்கிறேன் என்கிற பொருளில் எழுதினார். காவல் அதிகாரிகள் மாற்றப்பட்டார்கள். எல்லாம் நடந்தது. ஆனால் அன்றைய கேள்வி மிக எளிமையானது: அனுமதி எத்தனை பேருக்கு, விற்றது எத்தனை பேருக்கு? விற்பனையின்போதே அந்த இரண்டு எண்களும் எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தால் யாராவது ஒரு ரசிகர் கூட்டிக் கழித்துப் பார்த்துச் சத்தம் போட்டிருப்பார். எங்களில் கணக்கு தெரிந்தவர்கள் நிறைய உண்டு.

பாஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதில் உங்கள் மீது எனக்கு உண்மையாகவே இரக்கம் உண்டு. அனுமதி தர வேண்டிய ஒவ்வொரு அலுவலகத்திலிருந்தும் 'நம்ம பசங்க நாலு பேர் வர்றாங்க' என்று போன் வரும். ஸ்பான்சர் தன் டீலர்களுக்குக் கேட்பார், கட்சிக்காரர் வட்டத்துக்குக் கேட்பார், டிவி சேனல் கேட்கும், பாடகரின் சித்தப்பா கேட்பார். மறுத்தால் அடுத்த நிகழ்ச்சிக்குச் சிக்கல். பாஸ் கேட்பது இந்த ஊரில் ஒரு கௌரவப் பிரச்சினை. காசு கொடுத்துப் போவதைவிட ஓசியில் போனேன் என்று சொல்வதில்தான் சிலருக்குப் பெருமை. எங்கள் மெல்லிசைக் காலத்திலும் மேடைக்கு முன்னால் இருந்த ஆறு நாற்காலிகள் ஏரியா பெரிய மனிதர்களுக்கு என்று ஒதுக்கித்தான் இருந்தன. அவர்கள் பாதிக் கச்சேரியில் எழுந்து போய்விடுவார்கள், நாற்காலி காலியாகவே கிடக்கும், பாயில் உட்கார்ந்திருக்கும் பையனை அதில் உட்கார விடமாட்டார்கள்.

ஆனால் அந்த பாஸ்களுக்கும் செலவு உண்டு. முன்வரிசையில் உட்காரும் இலவச ஆளுக்கான மேடைச் செலவு, காவலர் செலவு, கழிப்பறைச் செலவு எல்லாவற்றையும் யாராவது ஏற்க வேண்டும். ஏற்பது பின்னால் நிற்கும் வெள்ளி டிக்கெட்காரர். அதனால்தான் பாஸ் எண்ணிக்கையை அறிவியுங்கள் என்கிறேன். 'இந்த நிகழ்ச்சியில் 900 இலவச இருக்கைகள்' என்று நீங்களே ஒரு எல்லை போட்டு வெளியிட்டுவிட்டால் அடுத்த முறை போன் வரும்போது கையை விரிக்க உங்களுக்கும் ஒரு சாக்கு கிடைக்கும்.

முன்பதிவிலும் ஒரு பாஸ் பண்பாடு வந்துவிட்டது. குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டு இருந்தால் இரண்டு நாள் முன்னதாக டிக்கெட். சம்பளத்தில் பாதியை ஒரு பாடகருக்குச் செலவழிக்கத் தயாராக இருக்கும் டெலிவரி வேலைப் பையனிடம் அந்தக் கார்டு இருக்காது. டிக்கெட்டை வாங்கி மூன்று மடங்குக்கு விற்கப்போகிறவரிடம் அது நான்கு இருக்கும். கோல்ட்பிளே என்ற பிரிட்டன் இசைக்குழுவின் 2025 ஜனவரி மும்பை நிகழ்ச்சிகளுக்கு 2024 செப்டம்பரில் விற்பனை தொடங்கியபோது நாடே பார்த்தது. 2,500 முதல் 35,000 ரூபாய் வரை விலை போட்ட டிக்கெட்டுகள் உடனே தீர்ந்து, மறுவிற்பனைத் தளங்களில் லட்சங்களில் தலைகாட்டின. பிறகு அமலாக்கத் துறை சோதனை வரை போனது. நம் ஊரில் அந்த அளவுக்கு இல்லை என்று சொல்லலாம். ஆனால் நிகழ்ச்சி நாளன்று வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறும் விலையை நீங்களும் பார்க்கத்தானே செய்கிறீர்கள்? அயர்லாந்தில் பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதை 2021-இல் சட்டமே போட்டுத் தடுத்தார்கள். இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாங்கியவர் வர முடியாவிட்டால் அதே விலைக்கு உங்களிடமே திருப்பிக் கொடுக்க ஒரு வழி வையுங்கள், அதை நீங்கள் அடுத்தவருக்கு விற்றுக்கொள்ளுங்கள். இப்போது 'திருப்பித் தரப்படாது, மாற்ற இயலாது' என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு, கறுப்புச் சந்தைக்கு எதிராக அறிக்கையும் விடுகிறீர்கள்.

இதற்கிடையில் கூட்டம் ஏற ஏற விலையும் ஏறும் முறை ஒன்று வெளிநாட்டிலிருந்து எட்டிப்பார்க்கிறது. ஓயாசிஸ் என்ற பிரிட்டன் இசைக்குழு மீண்டும் சேர்ந்து பாடப்போவதாக அறிவித்து 2024 ஆகஸ்ட் கடைசியில் டிக்கெட் விற்றபோது, மணிக்கணக்காக இணைய வரிசையில் காத்திருந்தவர்களுக்கு 150 பவுண்டு அளவில் இருக்க வேண்டிய டிக்கெட் 350 பவுண்டைத் தாண்டித் தெரிந்தது. பிரிட்டனின் சந்தைப் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு அதை விசாரிக்க நேர்ந்தது. ஆட்டோ மீட்டர் கதையை அறிந்த ஊர் இது. தயவுசெய்து அந்த யோசனையை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இடம். டிக்கெட் விலையில் சேராத பெரிய செலவு இதுதான். பிரிட்டன் பாடகர் எட் ஷீரன் 2025 பிப்ரவரி 5 அன்று நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் பாடினார், ரஹ்மானும் மேடையேறினார். நந்தனம் என்றால் பக்கத்திலேயே மெட்ரோ. பத்து மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்தாலும் பதினொரு மணி கடைசி ரயிலைப் பிடித்துவிடலாம். கடற்கரைச் சாலைப் பண்ணைகளிலும் ரிசார்ட் மைதானங்களிலும் அந்த வசதி இல்லை. அனிருத்தின் 2025 சென்னை நிகழ்ச்சி முதலில் ஜூலை 26, திருவிடந்தை என்று அறிவிக்கப்பட்டது. டிக்கெட்டுக்குக் கூட்டம் அதிகம் என்று தள்ளிப்போய் ஆகஸ்ட் 23-இல் கூவத்தூரில் நடந்தது. கூவத்தூர் கல்பாக்கத்தையும் தாண்டி இருக்கிறது. (2017-இல் எம்எல்ஏக்கள் தங்கியதால் ஊர் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவர்களுக்கு பஸ் ஏற்பாடாகி இருந்தது.) 'சென்னை நிகழ்ச்சி' என்று போஸ்டரில் போட்டு, செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்பகுதியில் இரவு பத்து மணிக்குப் பல்லாயிரம் பேரை இறக்கிவிட்டால் அவர்கள் வீடு திரும்பும் செலவு டிக்கெட்டின் பாதி. கார் இல்லாதவரின் நிலை இன்னும் மோசம். நகரத்துக்குள் பெரிய திறந்தவெளி அரங்கு இல்லை என்பது உண்மைதான், அது உங்கள் குற்றமும் இல்லை. ஆனால் ஐபிஎல் ஆட்டங்களுக்கு டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் போய்வர இலவசம் என்று ஏற்பாடு செய்ய முடிந்திருக்கிறது. மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் வாடகைக்குப் பேருந்து எடுத்துக் கிண்டியிலும் திருவான்மியூரிலும் கொண்டுபோய் இறக்கிவிடுவது ஒரு எல்இடி திரையின் வாடகையைவிட உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது.

நிகழ்ச்சி தேதியோ இடமோ மாறினால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள், நல்லது. வசதிக் கட்டணத்தையும் சேர்த்தே கொடுங்கள். மதுரையிலிருந்து ரயிலில் வருபவரின் செலவைக் கொடுக்க முடியாது என்பது புரிகிறது. குறைந்தபட்சம் அவர் கிளம்புவதற்கு முன்னால் சொல்லுங்கள்.

'சபா சீசனைப் பாருங்கள்' என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப்போவதில்லை. மார்கழியில் மதியக் கச்சேரிகளைப் பல சபாக்களில் காசில்லாமல் கேட்கலாம், மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். இளம் வித்வான்கள் அப்படித்தான் கேட்பாளர்களைச் சேர்க்கிறார்கள். அது அழகான பழக்கம். ஆனால் முன்வரிசை அங்கேயும் நன்கொடையாளர்களுக்குத்தான், சில சபாக்களில் சீசன் டிக்கெட் வாங்குவதற்கு முன்பிறவிப் புண்ணியம் வேண்டும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். அரங்கில் எத்தனை நாற்காலி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அரசுக்கும் இரண்டு வரி, இந்த மடல் அவர்கள் கண்ணிலும் படும் என்பதால். சினிமா டிக்கெட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்த மாநிலம் இது. மல்டிபிளெக்ஸில் வரிக்கு முன் 150 ரூபாய் என்று 2017-இல் நிர்ணயித்தீர்கள். முதல் நாள் முதல் காட்சியில் அது காற்றில் பறப்பது தனிக்கதை. கட்டணம் வாங்கும் இசை நிகழ்ச்சிகளை 2025 தொடக்கத்தில் கேளிக்கை வரிக்குள் கொண்டுவரவும் தெரிந்தது. வரி வாங்குகிறீர்கள் என்றால் எத்தனை டிக்கெட்டுக்கு என்ற கணக்கும் உங்களிடம் வந்தாக வேண்டும். அந்தக் கணக்கை நிகழ்ச்சிக்கு அனுமதி கொடுக்கும் அன்றே வெளியிடுங்கள். இசை நிகழ்ச்சிகளுக்கும் விலை உச்சவரம்பு கேட்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். உச்சவரம்பு வந்தால் பெரிய நிகழ்ச்சிகள் பெங்களூருவுக்குப் போய்விடும், மிச்சம் பாஸ் வழியாகவே நடக்கும்.

கடைசியாக இசையமைப்பாளர்கள், பாடகர்கள். ஏற்பாட்டாளர் பார்த்துக்கொள்வார், எனக்குத் தெரியாது என்று சொல்வது உங்களுக்கு இனி பொருந்தாது. 2023-இல் தி கியூர் என்ற பிரிட்டன் ராக் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித், தன் அமெரிக்க நிகழ்ச்சிகளின் டிக்கெட் மீது ஏற்றப்பட்ட கூடுதல் கட்டணங்களைப் பார்த்துவிட்டுப் பகிரங்கமாகச் சண்டை போட்டார். டிக்கெட் நிறுவனம் மலிவு டிக்கெட்டுக்குத் தலா பத்து டாலரும் மற்றவற்றுக்கு ஐந்து டாலரும் திருப்பிக் கொடுத்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் கேட்டது ரசிகர் சங்கம் இல்லை, பாடுகிறவர். அதனால் நடந்தது. ஒப்பந்தத்தில் மேடை விளக்குக்கும் கேரவனுக்கும் பச்சைத் தேநீருக்கும் நிபந்தனை போடுகிறீர்கள். 'மொத்த டிக்கெட் எண்ணிக்கையை அறிவிக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் ஏற்பாட்டாளர் எவரும் மறுக்கமாட்டார்.

எனவே ஏற்பாட்டாளர்களே, அடுத்த நிகழ்ச்சியின் போஸ்டரில் ஐந்து விவரங்களை எதிர்பார்க்கிறேன். காவல்துறை அனுமதித்த மொத்தப் பேர், ஒவ்வொரு வகுப்பிலும் விற்கும் டிக்கெட், இலவச பாஸ், மேடையிலிருந்து தூரம், வரியும் கட்டணமும் சேர்ந்த முழு விலை. உங்களிடம் இவை எல்லாமே ஏற்கெனவே எக்செல் தாளில் இருக்கின்றன. இதைச் செய்யும் முதல் நிகழ்ச்சிக்கு நான் கோல்டு வகுப்பிலேயே வாங்குகிறேன், கல்யாண நாளுக்குச் சேர்த்து வைத்த பணம் இருக்கிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு ரசிகன்

பி.கு.: வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கித் தொட்டியில் போடுகிறார்கள், உள்ளே அதே பாட்டில் பல மடங்கு விலை. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் சொன்ன அதே தீர்ப்பில், குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தியேட்டருக்குத்தான், மைதானத்துக்கு இல்லை என்று உங்கள் வக்கீல் சொல்வார். இருக்கட்டும். ஆறு மணிநேரம் நிற்கிறோம், நான்கு குடிநீர் டேங்க் வையுங்கள்.